அப்படியே இருக்கா

செத்தவர்களை வரைந்தே வயிற்றைக் கழுவிய ஒருவர், உயிருள்ளதை வரையக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எப்சிபா டீச்சரிடம் வந்தார்.

எப்சிபாவின் மாடி பாளையங்கோட்டை சமாதானபுரத்தில், ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேலே இருக்கிறது. தாளில் பென்சிலால் வரைந்து, வரைந்ததை அசைய வைக்கும் வித்தையை அங்கே சொல்லித்தருகிறார். கண்ணாடி பதித்த மேசைகள், கண்ணாடிக்கு அடியில் விளக்கு. விளக்கைப் போட்டால் மேல்தாள் வழியாக அடித்தாளின் கோடு தெரியும். அதைப் பார்த்து, கொஞ்சம் தள்ளி அடுத்த கோட்டைப் போட வேண்டும். இப்படிக் கட்டுக்கட்டாக வரைந்து, ஒவ்வொரு தாளாகக் காமிராவில் பிடித்து, சுவரில் இருக்கும் டிவியில் ஓட்டினால் வரைந்தது நடக்கும், பறக்கும், விழுந்து எழும். ஒழுங்காக வரைந்திருந்தால். இல்லாவிட்டால் நொண்டும்.

கீழே பல் பிடுங்கும்போது யாராவது கத்துவார்கள். மேலே இருப்பவர்கள் தலையை நிமிர்த்தமாட்டார்கள். அவர்கள் அவஸ்தை அவர்களுக்கு.

எப்சிபாவுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. வந்தவருக்கு அறுபது எப்போதோ தாண்டிவிட்டது. அப்பா வயதில் ஒரு மாணவர் வந்து நின்றால் சில ஆசிரியர்களுக்குக் கை கால் ஓடாது. எப்சிபா அந்த ரகம் இல்லை.

"உக்காருங்க அண்ணாச்சி. பேரு?"

"ஆவுடையப்பன். டவுன்ல மாலைப்பட ஆவுடையப்பன்னு கேட்டா யாரும் சொல்லுவாங்க."

உண்மைதான். டவுனில் ஒரு சாவு விழுந்தால், அழுது ஓய்ந்த பிறகு அடுத்த பேச்சு அவரைப் பற்றித்தான் வரும். இறந்தவரின் சின்னப் போட்டோ ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டியது. அதன்மேல் கட்டம் போட்டு, பெரிய தாளிலும் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாகக் கரித்தூளாலும் பிரஷ்ஷாலும் ஆளைக் கொண்டுவந்துவிடுவார். காரியத்துக்கு முந்தின நாள் கண்ணாடிச் சட்டம் போட்ட படம் வீட்டுக்கு வந்துவிடும். துணியை விலக்கியதும், "அப்படியே இருக்காரே" என்று வீட்டுப் பெண்கள் மறுபடி ஒரு மூச்சு அழுவார்கள். அழுகை வராத வீட்டில் ஆவுடையப்பன் முகம் சுண்டிப்போய்த் திரும்பி வருவார்.

"என்ன தெரியும் உங்களுக்கு?" என்று கேட்டார் எப்சிபா.

"அப்படியே வரைவேன்."

"வரையுங்க."

ஆவுடையப்பன் தாளில் ஒரு வட்டம் போட்டார். அதன்மேல் இன்னொரு தாளை வைத்து இன்னொரு வட்டம். அதற்கும் மேல் இன்னொன்று. எல்லாத் தாளையும் சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஒரே வட்டம்தான் தெரிந்தது.

பக்கத்து மேசையில் இருந்த பௌசியாவுக்கு வாய் மூடவில்லை. மேலப்பாளையத்துப் பெண். கல்லூரிப் படிப்பு முடித்துவிட்டு ஒரு வருஷமாக அங்கே வரைந்து பழகுகிறாள். அவள் வட்டம் இன்றைக்கும் முட்டை மாதிரிதான் வரும்.

"மாமா, உங்க கையி நடுங்கவே நடுங்காதா?"

"நடுங்காதும்மா. எங்க அம்மைக்கே நாந்தான் படம் போட்டேன். அப்பவே நடுங்கல."

பெருமையாகத்தான் சொன்னார். எப்சிபா அந்தத் தாள்களை வாங்கிப் பார்த்தார். அவர் முகத்தில் சந்தோஷம் எதுவும் தெரியவில்லை.

"சரி அண்ணாச்சி. பாப்போம்" என்றார்.

அன்றிலிருந்து ஆவுடையப்பன் காலையில் டவுனில் பஸ் ஏறி வந்துவிடுவார். துள்ளும் பந்து வரைந்தார். குழாயிலிருந்து சொட்டும் தண்ணீர் வரைந்தார். ஒரு தெருநாயை ஓட வைத்தார். டிவியில் நாய் ஓடியபோது சின்னப் பிள்ளை போலக் கை தட்டிவிட்டு, தட்டியது தெரிந்து வெட்கப்பட்டார்.

"இம்புட்டு நாளும் படுத்துக் கெடக்கவங்களயே வரைஞ்சிட்டேன் டீச்சர்" என்றார்.

எப்சிபா சிரித்தார். வேலை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் எப்சிபாவுக்கு ஒன்று தெரிந்திருந்தது. இந்த மனிதர் நாயை ஓட்டிப் பார்க்க டவுனிலிருந்து வரவில்லை. என்றைக்காவது வாயைத் திறப்பார் என்று காத்திருந்தார்.

ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆவுடையப்பன் வாயைத் திறந்தார்.

"டீச்சர், எனக்கு ஒரு ஆள வரையணும்."

"யாரு?"

"என் வீட்டுக்காரி. உலகம்மை. போன ஐப்பசியில காய்ச்சல்ல போயிட்டா."

"அவங்க என்ன செய்யணும்? நடந்து வரணுமா?"

"வேண்டாம்."

"சிரிக்கணுமா?"

"சிரிப்பா, எப்பவாவது. அதுவும் வேண்டாம். சும்மா உக்காந்திருக்கணும். அவ்வளவுதான்."

எப்சிபா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்தார்.

"அவ படத்தயும் நாந்தான் போட்டேன் டீச்சர். ஆதார் கார்டு போட்டோவ வச்சு. வேற போட்டோ எங்க வீட்டுல கெடயாது. ஊருல உள்ளவங்களுக்கெல்லாம் படம் போட்டவன் வீட்டுல பொண்டாட்டி போட்டோ கெடயாது. பாத்துக்கிடுங்க."

"சரி."

"நல்லாத்தான் வந்துது. எல்லாரும் அப்படியே இருக்கா, அப்படியே இருக்கான்னாங்க. எம்மக விழுந்து விழுந்து அழுதா. அன்னையிலருந்து கண்ண மூடுனா அந்தப் படந்தான் வருது. அவ வரமாட்டேங்கா. அடுப்படியில நின்ன மாதிரி நெனைக்கணும்னு பாக்கேன், அந்தப் படம் போயி அடுப்படியில நிக்கி. அவ திட்டுன மாதிரி நெனைக்கேன், அந்தப் படம் திட்டுது. என் படம் அவளத் தின்னுட்டுது டீச்சர்."

பௌசியா பென்சிலைக் கீழே வைத்தாள்.

"கொஞ்சங் கொஞ்சமா போய்க்கிட்டிருக்கா. இன்னும் கொஞ்ச நாளு கழிச்சு சுத்தமா போயிருவா. அதுக்கு முன்னால ஒரே ஒரு தடவ, உயிரோட உக்காந்திருக்கப் பாத்துரணும். அதுக்குத்தான் வந்தேன்."

"உக்காந்திருக்கதுதான் அண்ணாச்சி கஷ்டம்" என்றார் எப்சிபா. "ஓடுத நாயி யாரு வரைஞ்சாலும் ஓடிரும்."

மறுநாளே ஆவுடையப்பன் உலகம்மையை வரைந்துவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் கை. நேரே பார்க்கிற முகம். நல்ல படம். எப்சிபா அதைக் காமிராவில் பிடித்து டிவியில் விட்டார். உலகம்மை டிவியில் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்தே இருந்தாள்.

"சொவத்துல மாட்டி வச்ச மாதிரி இருக்கு மாமா" என்று பௌசியா சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஆவுடையப்பன் எப்சிபாவைப் பார்த்தார். "சும்மா இருக்கவங்கள உயிரோட எப்படி டீச்சர் வரையது?"

எப்சிபா ஒரு தாளை எடுத்தார். உட்கார்ந்திருக்கும் பூனை ஒன்றை நாலே கோட்டில் வரைந்தார். அதன்மேல் இன்னொரு தாளை வைத்து அடியில் தெரிந்த அதே பூனையை மறுபடி வரைந்தார். அதற்கும் மேல் இன்னொரு தடவை. மூன்றையும் காமிராவில் பிடித்து மாற்றி மாற்றி ஓட்டினார்.

பூனை ஒன்றும் செய்யவில்லை. வாலைக்கூட ஆட்டவில்லை. ஆனால் அதன் கோடுகள் லேசாக, மிக லேசாக ஊர்ந்துகொண்டிருந்தன. அது அங்கே இருந்தது. கிட்டப் போனால் எழுந்து ஓடிவிடும் என்று தோன்றியது.

"ஒரே பூனையத்தானே மூணு வாட்டி வரைஞ்சீங்க?"

"ஆமா. ஆனா கை ஒரு தடவ போன வழியில அடுத்த தடவ போகாது. கொஞ்சம் விலகும். அந்த வெலகல்தான் அதுக்கு மூச்சு."

ஆவுடையப்பனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இவ்வளவுதானா? அன்று முழுக்க உட்கார்ந்து, தாள்மேல் தாள் வைத்து உலகம்மையை மறுபடி மறுபடி வரைந்தார். எப்சிபா ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினார்.

உலகம்மை அசையவில்லை. ஒரு மயிரிழை அசையவில்லை. எப்சிபா தாள்களை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். எல்லாத் தாளிலும் சேர்ந்து ஒரே ஒரு உலகம்மைதான் தெரிந்தாள்.

"அப்படியே இருக்காங்க, அண்ணாச்சி" என்றார் எப்சிபா.

ஆயுசு முழுக்க ஆவுடையப்பன் இந்த வார்த்தைக்காகத்தான் வேலை செய்தார். இதைக் கேட்டால் சாப்பாடு இறங்கும், தூக்கம் வரும். அன்றைக்கு அது அவரைச் சுட்டது. தாள்களை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுங்காத கை. அதன்மேல் அவருக்கு முதன்முதலாகக் கோபம் வந்தது.

கோபம் வந்தால் மனிதன் குறுக்கு வழி தேடுவான். ஆவுடையப்பனும் தேடினார். மறுநாள் வேண்டுமென்றே கையை ஆட்டி ஆட்டி வரைந்தார். தோளின் கோட்டை ஒரு தாளில் இந்தப் பக்கம் தள்ளினார், அடுத்த தாளில் அந்தப் பக்கம். தாடை, காது, விரல்கள் எதையும் விடவில்லை. எப்சிபாவுக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. தடுக்கவில்லை.

டிவியில் உலகம்மை நடுங்கினாள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே தலையிலிருந்து கால் வரை வெடவெடவென்று நடுங்கினாள்.

பௌசியாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே ஆவுடையப்பன் முகத்தைப் பார்த்துவிட்டாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"நிறுத்துங்க" என்றார் அவர். "டீச்சர், அத நிறுத்துங்க."

எப்சிபா நிறுத்தினார்.

"ஆஸ்பத்திரியில கடைசியா இப்படித்தான் நடுங்குனா. போர்வைக்கு மேல போர்வை போத்துனேன். நிக்கல. நாங் கையப் புடிச்சேன். அப்பவும் நிக்கல."

அவர் தாள்களைத் தாறுமாறாக அள்ளினார். "எனக்கு இது வராது. நாளையிலருந்து வரமாட்டேன். மன்னிச்சுக்கிடுங்க." படியிறங்கிப் போய்விட்டார்.

பௌசியா எழுந்தாள். "டீச்சர், கூப்பிடட்டுமா?"

"வேண்டாம். குடைய விட்டுட்டுப் போயிருக்காரு."

மறுநாள் காலை ஆவுடையப்பன் குடையை எடுக்க வந்தார். எடுத்தார். போகவில்லை. குடையைக் கையில் வைத்துக்கொண்டே மேசைக்கு எதிரே நின்றார்.

"நடுங்கலன்னா செத்துப்போறா. பொய்யா நடுங்குனா மறுபடியும் செத்துப்போறா. நான் என்னதான் டீச்சர் செய்ய?"

எப்சிபா உலகம்மையின் முதல் படத்தை மேசையில் வைத்து, மேலே ஒரு வெற்றுத் தாளைப் போட்டுவிட்டு, குனிந்து மேசை விளக்கை அணைத்தார். கண்ணாடி இருண்டது. அடித்தாளில் இருந்த உலகம்மை மறைந்துபோனாள்.

"இப்ப வரையுங்க."

"அடியில உள்ளது தெரியலியே."

"தெரியாது."

"பின்ன எதப் பாத்து வரைய?"

"அடியில இருக்கது ஆதார் கார்டு அண்ணாச்சி. அதப் பாத்து வரைஞ்சா கார்டுதான் வரும்."

ஆவுடையப்பன் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். கண்ணை மூடினார், திறந்தார். வரைந்தார். ஒரு தாள் முடிந்தது. அதைக் கவிழ்த்துவைத்துவிட்டு இன்னொன்று வரைந்தார். மத்தியானம் வரை வரைந்தார். சாப்பிட எழுந்திருக்கவில்லை. பௌசியா கொண்டுவந்து வைத்த டீ ஏடு கட்டிப்போனது.

எப்சிபா வந்து தாள்களை நிமிர்த்திப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் அதே முகம். அதே நேர்ப் பார்வை. நெற்றியில் விழுந்த முடிகூட அதே இடத்தில். விளக்கே இல்லாமல், அடித்தாளே தெரியாமல், ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தின.

ஆவுடையப்பன் பென்சிலைத் தூக்கி எறிந்தார். அது உருண்டு போய் பௌசியாவின் காலடியில் நின்றது.

"இதுதான் வருது. மனசுக்குள்ளயும் கட்டம் போட்டு வச்சிட்டேன் டீச்சர்."

அவருடைய குரலைக் கேட்கப் பாவமாக இருந்தது. எப்சிபா தாள்களை அடுக்கி ஒரு பக்கமாக வைத்தார். பிறகு சாதாரணமாக, அட்ரஸ் கேட்பது போலக் கேட்டார்.

"அவங்க எங்க உக்காந்திருப்பாங்க?"

"எங்கன்னா?"

"சும்மா உக்காந்திருக்கணும்னீங்களே. எங்க?"

"எம் பக்கத்துல. நான் படம் போடும்போது வந்து உக்காருவா."

"நாற்காலியிலயா?"

"சே, சே. எங்க வீட்டுல ஏது நாற்காலி. நானே தரையிலதான் பலகைய வச்சு வரைவேன். அவளும் தரையில."

"பின்ன ஏன் நாற்காலியில உக்கார வச்சீங்க?"

ஆவுடையப்பன் விழித்தார். "படம்னா நாற்காலிதானே டீச்சர்" என்றார்.

எப்சிபா மூலையில் கிடந்த ஒரு பழைய வரைபலகையை எடுத்துவந்து தரையில் போட்டார். அதில் ஒரு தாளை வைத்து, மேல் மூலைகளிலும் கீழ் மூலைகளிலும் க்ளிப் மாட்டினார்.

"வீட்டுல உக்காருத மாதிரி உக்காருங்க."

ஆவுடையப்பன் சம்மணம் போட்டு, பலகையை மடிமேல் சரித்து வைத்துக்கொண்டார். உட்கார்ந்த உடனே அவர் முதுகு வளைந்தது. தோள் இறங்கியது. வேறு ஆளாகத் தெரிந்தார்.

"எந்தப் பக்கம் அவங்க?"

"எடது பக்கம்."

பௌசியா உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு வந்து அவருக்கு இடது பக்கம் உட்காரப் போனாள்.

"அங்க உக்காராத பௌசி" என்றார் எப்சிபா. பௌசியா விலகிக்கொண்டாள்.

"இப்ப அவங்க வந்து உக்காந்துட்டாங்க. நீங்க படம் போட்டுக்கிட்டிருக்கீங்க. என்ன தெரியுதோ அத வரையுங்க."

பௌசியா எடுத்துக் கொடுத்த பென்சிலை ஆவுடையப்பன் வாங்கிக்கொண்டார். இடது பக்கம் திரும்பினார்.

"ஏன் திரும்புதீங்க?"

"அவளப் பாக்கணும்லா?"

"படம் போடும்போது திரும்பிப் பாப்பீங்களா?"

திரும்பிய தலை திரும்பியபடியே நின்றது.

"மாட்டேன்" என்றார் கடைசியில். "பாத்தா வேலை கெட்டுரும். கட்டம் மாறிரும்."

"பின்ன எங்க பாப்பீங்க?"

"தாளப் பாப்பேன்."

எப்சிபா பலகையில் இருந்த வெற்றுத் தாளைப் பார்த்தார்.

"தாளத்தான் பாப்பேன் டீச்சர்." பலகையின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். "அவ மொகத்த நான் பாக்கவே இல்லியே. ஊரான் வீட்டுச் செத்தவங்க மொகத்தல்லாம் கட்டங் கட்டமா பாத்துக்கிட்டிருந்தேன். அவ உயிரோட பக்கத்துல உக்காந்திருந்தா. நான் பாக்கல. அவ போன பொறவு, ஆதார் கார்டுல கட்டம் போடும்போதுதான் அவ மொகத்த மொதல்ல பாத்தேன்."

பலகைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். பெரிய மனிதர் அழுவதைப் பார்க்கக் கூடாது என்று பௌசியா ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். அவளுக்கும் கண் நிறைந்துவிட்டது. எப்சிபா சமாதானம் சொல்லவில்லை. அவர் அழுது முடிக்கும் வரை பக்கத்தில் நின்றார்.

பிறகு சொன்னார். "தாளயே பாருங்க அண்ணாச்சி."

ஆவுடையப்பன் மூக்கைத் துடைத்துக்கொண்டு தாளைப் பார்த்தார்.

"தாளப் பாத்துக்கிட்டிருக்கையில அவங்க பக்கம் என்ன தெரியும்?"

"என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாது. ஓரமா முழங்காலு தெரியும். சேலை தெரியும்." தாளின் இடது ஓரத்தைப் பார்த்தார். "கரித்தூளு பறந்துரும்னு நான் ஃபேன் போடவிடமாட்டேன். உள்ள போயி ஃபேன் காத்துல இருந்தா என்னட்டின்னு கேப்பேன். போகமாட்டா. வேர்த்து ஊத்தும், அங்ஙனயே இருப்பா. தாளோட மூலைய ரெண்டு வெரலால புடிச்சுக்கிட்டு இருப்பா."

"எதுக்கு?"

"தாளு தூக்கிரக் கூடாதாம். க்ளிப் போட்டிருக்கேன்னு சொல்லுவேன். கேக்கமாட்டா. இந்தா, இங்ஙன." பென்சிலால் தாளின் இடது கீழ் மூலையைத் தொட்டுக் காட்டினார். "பெருவெரலு நகத்துல ஒரு கோடு விழுந்து கெடக்கும். தேங்கா உடைக்கையில நசுங்குனது. அதுல கரி ஏறி நிக்கும். வெரலு அழுத்திக்கிட்டே இருக்கும். அவ எதாவது ஊர்க்கதை சொன்னா அழுத்தம் கொறையும். நான் தப்பாப் போட்டுட்டேன்னா இறுகும். பேசமாட்டா. வெரலு மட்டும் இறுகும். அத வச்சுத்தான் நான் அழிச்சிட்டு மறுபடி போடுவேன்."

இதைச் சொல்லிக்கொண்டே அவர் வரைய ஆரம்பித்துவிட்டார். தொடங்கியது அவருக்கே தெரியவில்லை.

எப்சிபா சத்தமில்லாமல் க்ளிப்பைக் கழற்றி, வரைந்த தாளை உருவிக்கொண்டு வெற்றுத் தாளை வைத்தார். அவர் வரைந்தார். மறுபடி உருவினார், மறுபடி வைத்தார். விளக்கு இல்லை, அடித்தாள் இல்லை, கட்டம் இல்லை. தாளின் ஓரத்தில் இரண்டு விரல், அதற்கு மேல் ஒரு வளையல், அதற்கு அப்பால் வேர்வையில் நனைந்த சேலை மடிப்பு கொஞ்சம். அவ்வளவுதான் ஒவ்வொரு தாளிலும். கீழே பல் ஆஸ்பத்திரியில் யாரோ ஓவென்று கத்தினார்கள். ஆவுடையப்பன் நிமிரவில்லை.

பௌசியா மெதுவாகத் திரும்பி வந்து பார்த்தாள். தாளைப் பார்க்கவில்லை. அவர் கையைத்தான் பார்த்தாள். நடுங்கிக்கொண்டிருந்தது. எப்சிபாவைப் பார்த்தாள். எப்சிபா உதட்டில் விரல் வைத்தார்.

சாயங்கால வெயில் சாய்ந்தபோது எப்சிபா தாள்களைக் காமிராவில் பிடித்து டிவியில் விட்டார்.

ஒரு வெற்றுத் தாளின் மூலையை இரண்டு விரல் பிடித்திருந்தது. அந்த விரல்கள் எதுவும் செய்யவில்லை. பிடித்திருந்தன. கொஞ்சம் தளர்ந்தன, கொஞ்சம் இறுகின. வளையல் ஒரு நெல் அளவு நகர்ந்தது. சேலை மடிப்பு ஏறி இறங்கியது. அதன் சொந்தக்காரி மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

"இருக்காங்க மாமா" என்றாள் பௌசியா. "மாமி இருக்காங்க."

ஆவுடையப்பன் டிவிக்குக் கிட்டே போனார். அந்த விரல்களைத் தொடக் கையைக் கொண்டுபோய், தொடாமல் இழுத்துக்கொண்டார். திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னார். எப்சிபா ஓட்டினார்.

பிறகு வந்து தரையில் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தார். பெரிய ஆறுதலும் பெரிய துக்கமும் சேர்ந்து அவரைக் களைப்பாக்கியிருந்தன.

"வெரலு வந்துட்டுது டீச்சர். மொகம் வரலியே."

"வரல."

"இனிமே வராதா?"

எப்சிபா அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"உங்க மொகத்த அவங்க பாத்துக்கிட்டு இருப்பாங்களா அண்ணாச்சி?"

"எம் மொகத்தயா?" ஆவுடையப்பன் யோசித்தார். "மாட்டா. எம் மொகத்துல என்ன இருக்கு? அவளும் கையத்தான் பாத்துக்கிட்டிருப்பா. நான் வரையுத கைய. கண்ணெடுக்கமாட்டா."

எப்சிபா ஒரு புதுத் தாளை எடுத்துப் பலகையில் வைத்தார். மேலே இரண்டு மூலைக்கும் க்ளிப் போட்டார். கீழே வலது மூலைக்கும் போட்டார். இடது மூலையை அப்படியே விட்டுவிட்டுப் பென்சிலை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"இப்பவும் உங்க கையத்தான் பாத்துக்கிட்டிருக்காங்க. நிறுத்தாதீங்க."